காலியாக வந்த பாட்டில்கள்

புதுவாயல்
4.5.2025, ஞாயிறு

அன்புப் பாப்பா ஸ்நேகாவுக்கு,

அண்ணி ரோஜா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணன் சாம்சனும் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நீ புவனேஸ்வரத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உண்மையை எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கம்பெனிக்குள் செல்போன் விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதலுதவிப் பதிவேட்டைப் போட்டோ எடுக்க வழியில்லை. ஜெராக்ஸ் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பத்தான் அனுமதி. வீட்டுக்கு வந்து போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நீ அங்கே தும்மினால் எங்கள் வரிசை வீடு மொத்தமும் இங்கே ‘ஆயுசு நூறு’ என்கிறது. அதனால் ஜெராக்ஸ் கட்டோடு இதையும் சேர்த்து வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மே மாதம் எங்கள் கோவிந்தம்மா மணல் கலக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மேனேஜர் சபரிநாதன் சாரை ஒரு வருடம் நச்சரித்தேன். ஒருவழியாக ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை பத்து நிமிடம் ஓய்வும் தடவைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் தருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம், அதனால் மதிய ஷிஃப்டுக்குக் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் கூட்டம். மயக்கம் குறைந்த இடத்தில் ஓய்வு நிற்கும். குறையாத இடத்தில் எடுத்துவிடுவார்கள். சார் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “சிஸ்டர், பாவம் பார்த்து ஓய்வு கொடுக்க முடியாது. நம்பரைக் காட்டுங்க.”

நம்பர் என்றால் நம் வீட்டில் புள்ளிவிவர ஆராய்ச்சி படிக்கும் நீதான். இதை ஆய்வாக எடுத்துக்கொள்ள உன் பேராசிரியரும் உங்கள் ஆய்வு நெறிக்குழுவும் சம்மதித்தது பெரிய உதவி. பெயர் எதுவும் கிடையாது, எண்தான். காலை ஷிஃப்டில் உலையடியில் இரும்பு உருக்கி ஊற்றும் ஆண்கள் நாற்பது பேர், மணல் அச்சு செய்யும் பெண்கள் பகுதியில் இருபத்தாறு பேர். மதிய ஷிஃப்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தலைசுற்றல், மயக்கம் என்று என் முதலுதவி அறைக்கு வந்தவர்கள் பட்டியல் இதில் இருக்கிறது. வேறு என்ன வேண்டுமென்று எழுது.

எனக்கு இந்தப் பத்து நிமிடம் நிலைக்க வேண்டும், பாப்பா. அவ்வளவுதான்.

பாசத்துடன்,
ரோஜா அண்ணி


புவனேஸ்வரம்
13.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்நேகா வணக்கம். நான் நலம், சாப்பாடும் நலம். பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள், அதையும் மன்னித்துவிட்டேன். அப்பாவின் முழங்காலையும் அண்ணனின் கோபத்தையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். சென்னையிலிருந்து கிளம்பும் என் ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித்தான் வருகிறது, ஆனால் நிற்பதில்லை. உங்கள் கம்பெனிப் புகைபோக்கியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வருகிறேன்.

இனி வேலை. ஓய்வு கொடுத்தால் மயக்கம் குறைகிறதா என்பது முதல் கேள்வி. ‘எந்த வழியாகக் குறைகிறது?’ என்பது அடுத்தது. எனக்கு அதில்தான் ஆசை. புதுவாயலிலிருந்து திருவள்ளூர் போக அப்பாவுக்கு இரண்டு வழி உண்டு அல்லவா? பெரியபாளையம் வழியாக நேரே பஸ்ஸில் போகலாம், அல்லது கவரைப்பேட்டையில் ரயிலேறிச் சென்னை போய் வேறு ரயில் மாறலாம். அதுபோல ஓய்வுக்கும் இரண்டு வழி. உட்கார்ந்ததாலேயே உடல் சூடு தணிவது நேர்வழி. உட்கார்ந்த நேரத்தில் தண்ணீர் குடித்து, அந்தத் தண்ணீரால் மயக்கம் குறைவது இடைவழி. எந்த வழியில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

அதற்கு யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரிய வேண்டும். யாரையும் கேட்காதீர்கள். கேட்டால் நர்ஸுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். பாட்டிலில் எண் ஒட்டுங்கள். ஓய்வு முடிந்ததும் பெட்டியில் திரும்பி வரும் பாட்டில் காலியா, மிச்சமா என்று மட்டும் குறியுங்கள். இதைவிடச் சுத்தமான அளவு கிடையாது.

மதிய ஷிஃப்டுக்கும் பாட்டில் மட்டும் கொடுக்கச் சொல்லி சாரிடம் கேட்க முடியுமா? ஓய்வில்லாத வெறும் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரியும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார் ஸ்நேகா


புதுவாயல்
3.6.2025

அன்புப் பாப்பாவுக்கு,

அனைவரும் சுகம். என் உடம்புக்கு என்ன, இரும்பு. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் ஊரைவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது.

உன் கட்டளைப்படி எல்லாப் பாட்டிலுக்கும் எண் ஒட்டியாயிற்று. மதிய ஷிஃப்டுக்கும் பாட்டில் கொடுக்க சார் ஒத்துக்கொண்டார். உலையடியில் மணிகண்டன் என்று ஒரு பையன், பாட்டிலைத் தலைக்குமேல் பிடித்து ஒரே மூச்சில் விட்டுவிட்டு, எண் தெரிகிற மாதிரி என்னிடம் காட்டிவிட்டுப் போகிறான். வயசான ஆட்கள் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். ‘அது காலியா, மிச்சமா?’ என்று தெரியாமல் ஓரத்தில் ‘தலை’ என்று எழுதியிருக்கிறேன். நீயே முடிவு செய்துகொள்.

பஸ்ஸும் ரயிலும் கதையை ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் சொன்னேன். பெண்கள் பகுதியில் கோவிந்தம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். “அப்போ பஸ் வுட்டா மட்டும் போதாது சிஸ்டர், ரோடும் இருக்கணும்” என்றாள். படிக்காத பெண், உன் பேராசிரியர் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் பாட்டில் எல்லாம் காலி. ஒன்றுகூட மிச்சமில்லை. மே மாதத் தாள்கள் முப்பத்தொன்றும் இணைத்திருக்கிறேன்.

மாமா தினமும் சாயங்காலம் சர்ச் வரை நடக்கிறார். உன் அண்ணன் புது ஹெல்மெட் வாங்கி, அதை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார். மழை வந்தால் எழுது. இங்கே அதையாவது படித்துக் குளிர்ந்துகொள்கிறோம்.

ரோஜா அண்ணி


புவனேஸ்வரம்
8.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். மழை கொட்டுகிறது, உங்களுக்காக ஒரு வாளி எடுத்து வைக்கிறேன். ஜூன் தாள்களும் கிடைத்தன. அப்பா நடக்கிறார் என்றதும் அவ்வளவு மகிழ்ச்சி. ஹெல்மெட்டைப் பற்றி அண்ணனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

நல்ல செய்தி முதலில். உலையடியில் ஓய்வு ஜோராக வேலை செய்கிறது. மார்ச்சில் பத்தொன்பது மயக்கம், ஜூனில் ஏழு. மதிய ஷிஃப்டில் அப்படிக் குறையவில்லை. அதிலும் ஒரு அழகு இருக்கிறது. ஓய்வு எடுத்துப் பாட்டிலைத் தொடாதவர்களுக்குக் கொஞ்சம்தான் பலன். மதிய ஷிஃப்டில் ஓய்வில்லாமல் தண்ணீர் மட்டும் குடித்தவர்களுக்கும் கொஞ்சம்தான். இரண்டும் சேர்ந்த இடத்தில் அந்தக் கொஞ்சமும் இந்தக் கொஞ்சமும் கூடினதைப் போல இரண்டு மடங்கு பலன். இட்லிக்கு அரிசி மட்டும் அரைத்தாலும் ஆகாது, உளுந்து மட்டும் அரைத்தாலும் ஆகாது, அந்த மாதிரி. எங்கள் துறையில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. நீங்கள் இட்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கெட்ட செய்தி. பெண்கள் பகுதியில் மார்ச்சில் பதினைந்து, ஜூனில் பதினான்கு. ஒன்றுமே நடக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் குடித்திருக்கிறார்கள், நூற்றுக்கு நூறு பாட்டில் காலி. ஓய்வும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, மயக்கம் அப்படியே. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் ‘பெண்கள் பகுதியில் ஓய்வால் பலன் தெரியவில்லை’ என்றுதான் அறிக்கையில் எழுத வேண்டிவரும். ரத்தசோகை மாதிரி வேறு காரணம் இருக்கலாம்.

ஒரே ஒரு சோதனை பாக்கி. இத்துடன் ஒரு நிற அட்டை வைத்திருக்கிறேன். சிறுநீர் எந்த நிறமென்று ஆளாளுக்கு விரலை வைத்துக் காட்டினால் போதும். உடம்பில் தண்ணீர் சேர்ந்ததா என்று அது சொல்லிவிடும். இரண்டு பகுதியிலும் ஒரு வாரம் எடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. பெண்களில் 23-ஆம் எண் யார்? மூன்று மாதத்தில் ஏழு தடவை தலைசுற்றல். எல்லோரையும்விட அதிகம். பெயர் வேண்டாம், ஆனால் வியாழக்கிழமை உங்கள் கம்பெனிக்கு வரும் டாக்டர் அஸ்வினியிடம் அவரைக் கட்டாயம் காட்டுங்கள். கணக்குப் போடும்போது அந்த எண் வந்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஸ்நேகா


புதுவாயல்
29.7.2025

அன்பு ஸ்நேகாவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். மாங்காய் மலிவாகக் கிடைத்ததென்று மாமா ஒரு மூட்டையே வாங்கி வந்துவிட்டார். ஊறுகாய் போட்டே கை எரிந்துபோயிற்று. ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த காரப்பொடி, உன் அண்ணன் வாயில் வைத்துவிட்டு ஞானஸ்நானம் எடுத்த மாதிரி நனைந்துபோனார். உனக்கு ஒரு ஜாடி தனியாக இருக்கிறது.

ஆண்களின் நிற அட்டை இணைத்திருக்கிறேன். பெண்களுடையது அடுத்த தடவை.

23-ஆம் எண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. வாயாடி, திடமாகத்தான் இருக்கிறாள்.

ரத்தசோகை என்று எழுதிவிட்டாயா? அந்தப் ‘பலன் தெரியவில்லை’ வரியையும் எழுதிவிட்டாயா? எழுதாவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போடேன், பாப்பா. ஏன் என்று கேட்காதே.

ரோஜா


புவனேஸ்வரம்
4.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலம் விசாரிக்கும் பகுதி இவ்வளவுதான், ஏனென்றால் இந்தத் தடவை உங்கள் நலத்தைப் பற்றித்தான் முழுக் கடிதமும்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து ஜெராக்ஸ் தாள்களை அறை முழுவதும் பரப்பி வைத்து, 23-ஆம் எண் வருகிற வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். மற்ற எல்லோருடைய வரியிலும் ‘பிரஷர் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. 23-க்கு மட்டும் ஏழு தடவையும் ஆம்புலன்ஸ் டிரைவர் பச்சையப்பன் கையெழுத்து. ஏழு தடவையும் நீங்கள் அறையில் இல்லையா என்று பார்த்தால், அதே நாளில் மேல் வரியிலும் கீழ் வரியிலும் நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள். பிரஷர் பட்டையைத் தன் கையில் தானே சுற்றி அழுத்தப் பழகாத நர்ஸ் ஒருத்திதான் அந்த அறையில் இருக்கிறார்.

அண்ணி, 23 நீங்கள்தானே?

எனக்கு ஆத்திரமாக வருகிறது. ‘இரும்பு’ என்று எழுதினீர்களே. ஏழு தடவை விழப் பார்த்ததை என்னிடமே எண்ணாக அனுப்பிவிட்டு, ஊறுகாய்க் கதை எழுதுகிறீர்கள். அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நான் போன் போடுகிறேன், அப்பா ஸ்பீக்கரைப் போடட்டும், வரிசை வீடு மொத்தமும் கேட்கட்டும்.

ஆண்களின் அட்டை வெளிர் நிறத்துக்கு வந்துவிட்டது. பெண்கள் அட்டையை ஏன் அனுப்பவில்லை? உங்கள் நூற்றுக்கு நூறு காலிப் பாட்டிலில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. எந்த வேலையிடத்திலும் நூற்றுக்கு நூறு கிடைக்காது. இதை மே மாதமே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வரியை இன்னும் எழுதவில்லை. 18-ஆம் தேதிக்குள் எழுதியாக வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கிறேன். மிளகாய் எரிச்சல் தீர்ந்த கையால் உடனே எழுதுங்கள்.

கோபத்துடனும் அன்புடனும்,
ஸ்நேகா


புதுவாயல்
8.8.2025

என் செல்லப் பாப்பாவுக்கு,

சுகம் என்று வழக்கம்போல எழுத வந்த கை நின்றுவிட்டது. ஆமாம், 23 நான்தான். தகரக்கூரை போட்ட என் அறை பெண்கள் பகுதியின் கோடியில்தான் இருக்கிறது. அந்தப் பகுதிப் பட்டியலில் என் பெயரும் உண்டு. என் தலைசுற்றலை எழுதாமல் விட்டால் மற்றவர்கள் தலைசுற்றலை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று எழுதினேன். உன் கண்ணில் படுமென்று நினைக்கவில்லை. நேற்று உன் அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். கேட்டதும் அழுதுவிட்டார். டாக்டர் அஸ்வினி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். சிறுநீரகத்தில் சின்னக் கல்லாக இருக்குமாம். பயப்படாதே.

இப்போது முழுவதையும் கேள். பெண்கள் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. நானும்தான்.

எங்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. உலையைத் தாண்டி, லாரி எடை போடும் மேடையைத் தாண்டி, பின்பக்க மதிலோரம். போய்வர எட்டு நிமிடம். இருபத்தாறு பேருக்கு இரண்டே கதவு, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. வேலை நடுவே எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். “குடிச்சாத்தானே போவணும் சிஸ்டர், குடிக்காமலே கீறேன்” என்கிறாள் கோவிந்தம்மா. அவளை என்னவென்று திட்டுவேன்? நானே காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொள்கிறேன்.

குடிக்காத தண்ணீர் எங்கே போனதென்று கேட்பாய். வீட்டுக்குப் போயிற்று. புதுவாயலில் எங்கள் வரிசை போர் தண்ணீர் உப்புக் கரிப்பது உனக்கே தெரியும், பருப்புகூட வேகாது. கம்பெனித் தண்ணீர் சுத்திகரித்தது, வாயில் வைத்தால் இனிக்கிறது. ஓய்வு நேரத்தில் பெண்கள் பாட்டிலைச் சாப்பாட்டுத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, காலியைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கேட்டில் பையைத் திறந்தால் இரும்புத் துண்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், தூக்கைத் திறப்பதில்லை. ஆனால் கம்பெனிப் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. பிடித்தால் வேலை போகும். அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறிக்கையில் வரும், அறிக்கையில் வந்தால் கேட்டில் தூக்கைத் திறப்பார்கள். சொல்லாவிட்டால் பத்து நிமிடமும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதமாக நான் தூங்கவில்லை.

நீயும் ஒன்றை ஒப்புக்கொள். பாட்டில் காலியா என்று கேட்டாய், காலி என்று எழுதினேன். யார் குடித்தது என்று நீ கேட்கவே இல்லை.

பெண்களின் நிற அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆண்கள் எலுமிச்சை ஜூஸுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் டீ டிகாஷனில் இருக்கிறோம்.

உன் அண்ணி


புவனேஸ்வரம்
13.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஸ்கேன் எடுத்தாயிற்றா? முதல் பதில் அதற்கு வேண்டும். அண்ணன் அழுதார் என்று படித்ததும் நானும் கொஞ்சம் அழுதேன். பிறகு என் பேராசிரியரிடம் ஓடினேன்.

ஒப்புக்கொள்கிறேன், தப்பு என்னுடையது. காலிப் பாட்டிலைக் குடித்த தண்ணீர் என்று நான்தான் பெயர் மாற்றிவிட்டேன். இடைவழியைத் தப்பாக அளந்தால் கணக்கு அழகாக வரும், பொய்யாக வரும். ரத்தசோகை என்று இருபத்தாறு பேர் உடம்பின்மேல் பழி போடப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

கோவிந்தம்மா ஜூனிலேயே சொல்லிவிட்டார், ரோடும் இருக்கணுமென்று. நான்தான் சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். ஓய்வு என்ற பஸ்ஸை விட்டார்கள். ஆண்களுக்கு ரோடு இருக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை பக்கத்தில் இல்லாததால் ரோடே இல்லை. ‘ஓய்வால் பலனில்லை’ என்பதைவிட ‘கழிப்பறை பக்கத்தில் இருந்தால்தான் ஓய்வால் பலன்’ என்பது எவ்வளவு வேறான வாக்கியம்! ஆனால் அதை ஊகமாக எழுத முடியாது, காட்ட வேண்டும்.

பெண்கள் பகுதியை ஒட்டி விருந்தினர் கழிப்பறை ஒன்று பூட்டிக் கிடக்கிறதென்று முன்பு ஒருமுறை சொன்னீர்களே, வெளிநாட்டு ஆட்கள் வந்தால் மட்டும் திறப்பார்கள் என்று. அதன் சாவியை இரண்டே வாரம் வாங்க முடியுமா? டாக்டர் அஸ்வினி கேட்டால் சார் மறுக்கமாட்டார். காலை ஷிஃப்டுப் பெண்களுக்கு மட்டும் திறக்கட்டும். பாட்டிலை எண்ண வேண்டாம், நிற அட்டையும் மயக்கமும் போதும். ஆகஸ்டில் வெயில் தானாகக் குறையும், அதனால் மதிய ஷிஃப்டுப் பெண்களோடு ஒப்பிட்டுத்தான் பேசுவேன். அறிக்கைக்குப் பேராசிரியர் மாதக் கடைசி வரை தவணை வாங்கிவிட்டார்.

அறிக்கையில் பாட்டில் எண்ணிக்கை குடித்ததற்கு அளவு ஆகாது என்று எழுதுவேன். அது உண்மை. தண்ணீர் எங்கே போனதென்று எங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை, எழுதமாட்டேன். ஆனால் யாராவது நேரே கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது, அண்ணி. உங்களாலும் முடியாதென்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் குடியுங்கள்.

ஸ்நேகா


புதுவாயல்
6.9.2025

அன்புப் பாப்பாவுக்கு,

அனைவரும் சுகம். கல் நாலு மில்லிமீட்டர்தானாம், தண்ணீராலேயே போய்விடும். உன் அண்ணன் மணிக்கு ஒரு சொம்பு என்று கையில் வைத்துக்கொண்டு துரத்துகிறார்.

ஆகஸ்ட் 18-ஆம் தேதி சாவி என் கைக்கு வந்தது. டாக்டரம்மா கேட்டதும் சார் மேசை டிராயரைத் திறந்து கொடுத்துவிட்டார். முதல் நாள் உள்ளே போன சுமலதா கண்ணாடியையும் சோப்பையும் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதென்று வெளியே வர மனசில்லாமல் நின்றாள். எப்படியும் குடிக்கமாட்டார்கள் என்று பயந்தேன். கோவிந்தம்மா எல்லோருக்கும் முன்னால் ஒரு பாட்டிலை முழுவதுமாகக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துக் குடித்தார்கள். நானும் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து வரிசையில் நின்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்த சத்தம் உலையடி வரை கேட்டதாம்.

எண்கள் உனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன, நீயே அறிக்கையில் எழுதிவிட்டாய். இரண்டு வாரத்தில் மதிய ஷிஃப்டுப் பெண்களுக்கு எட்டு மயக்கம், எங்களுக்கு இரண்டு. ‘சின்ன எண், எச்சரிக்கையாகப் படிக்கவும்’ என்று நீ எழுதியதைச் சார் சத்தமாகவே படித்தார். நேர்மையான பெண் என்று உன்னைப் பாராட்டினார்.

கூட்டம் ஆகஸ்டைத் தாண்டி இந்த வியாழக்கிழமைதான் நடந்தது. மேசையைச் சுற்றி ஆறு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண். சார் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்து, நான் பயந்த இடத்தில் நிறுத்தினார். “மூணு மாசம் பாட்டில் காலியா வந்திருக்கு. குடிக்கலைன்னு இதுல இருக்கு. அப்போ தண்ணி எங்கே போச்சு, சிஸ்டர்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் முகம் எல்லாம் ஒரு நிமிடம் வந்து போயிற்று. யாரையும் காட்டிக்கொடுக்கவும் முடியாது, பொய்யும் வராது. எனக்குத் தெரிந்த ஒரே ஆளின் தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“மத்தவங்களப் பத்தி எனக்குப் பேச உரிமை இல்ல சார். என் பாட்டில் தண்ணி என் ஊட்டுக்குப் போச்சு. நான்தான் எட்துக்கினு போனேன்.”

சார் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார், முடிவு சொல்லவில்லை. மறுநாள் என் மேசையில் மெமோ. நிறுவனப் பொருளை வெளியே கொண்டுசென்றதற்கு ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் வேண்டுமாம். சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பயமாகத்தான் இருக்கிறது, பாப்பா. ஆனால் சொன்னதற்கு வருத்தமில்லை. மாமா என்னை ஒன்றும் கேட்காமல், இன்று சர்ச்சில் எனக்காக விண்ணப்பம் ஏறெடுத்துவிட்டு வந்தார்.

ரோஜா அண்ணி


புவனேஸ்வரம்
10.9.2025

அன்பு அண்ணிக்கு,

நலம் எல்லாம் பிறகு. கடிதம் இப்போதுதான் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில் தண்ணீருக்கு மெமோவா? உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, பயத்தில் சோறு இறங்கவில்லை. நான் அறிக்கை எழுதினேன், அடி உங்கள்மேல் விழுந்துவிட்டது.

விளக்கம் எழுதும்போது மன்னிப்பு, மன்றாட்டு என்று நீட்டாதீர்கள். வேலை போனால் போகட்டும், நானும் அண்ணனும் இருக்கிறோம். என் பேராசிரியர் சாருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்கிறார். மெமோவில் சரியாக என்ன கேட்டிருக்கிறார்கள், நீங்கள் என்ன எழுதிக் கொடுக்கப்போகிறீர்கள்? வரிக்கு வரி எழுதுங்கள். அதுவரை எனக்குத் தூக்கமில்லை.

உங்கள்,
ஸ்நேகா


புதுவாயல்
21.9.2025, ஞாயிறு

அன்புப் பாப்பாவுக்கு,

சுகம், பூரண சுகம். இப்போதாவது சாப்பிடு. உன் பேராசிரியருக்கு என் நன்றியைச் சொல், கடிதம் வேண்டாம்.

வேலை போகவில்லை. விளக்கத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தேன். திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். என் தாளை மேசையில் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உங்கள் வீட்டில் எத்தனை பேர், போர் எத்தனை அடி என்று கேட்டார், சொன்னேன். அவர் வீடு சென்னையில், கேன் தண்ணீர்தான் வருமாம், எங்கள் பக்கத் தண்ணீரைக் குடித்ததே இல்லையாம். பிறகு டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். “இது இனிமே உங்க அறையிலேயே இருக்கட்டும் சிஸ்டர்.”

ஓய்வு இரண்டு ஷிஃப்டுக்கும் உண்டு, இரண்டு பகுதிக்கும் உண்டு. செவ்வாய்க்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கோவிந்தம்மா தோள் வலியோடு என்னைத் தூக்கப் பார்த்தாள், இருவரும் விழ இருந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும், அதற்கு அடுத்து நச்சரிக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

மெமோவை வரிக்கு வரி கேட்டாய். அதிகம் இல்லை. ‘குடிப்பதற்காக நிறுவனம் வழங்கிய தண்ணீரைத் தாங்கள் எதற்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். கீழே என் பதிலுக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

நான் மூன்று நாள் யோசித்து ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

‘குடிப்பதற்காக.’

இப்படிக்கு,
ரோஜா